மூச்சு விடாதே

மிஷினுக்குள் இருந்தது நாய் முடி. வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு, காற்றை உள்ளே இழுக்கும் சல்லடையில் கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. சின்னவள் அதைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினாள். முடியோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுக்கும் வந்தது. சிகரெட், முகப்பவுடர், யாரோ ஒரு கிழவரின் ஜன்னல் திறக்காத படுக்கையறை, எல்லாம் கலந்த ஒரு வாடை. இந்தச் சல்லடை வழியாக வரும் காற்றைத்தான் அம்மா இனிமேல் ராப்பகலாக இழுக்கப் போகிறாள்.

“அத்தான், இதுல நாய் முடி இருக்கு.”

தரையில் உட்கார்ந்து வயரைப் பிரித்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்த ஊரு நாயெல்லாம் தினம் ஷாம்பு போட்டுக் குளிக்கும். உங்க தெருவுல பாதி மனுஷங்கள விட சுத்தம்.”

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா சிரித்தாள். மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்ததும் மூச்சு வாங்கியது. சின்னவள் பல் பிரஷ்ஷைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போய்க் கை கழுவினாள்.

அக்காவும் அத்தானும் கடல் தாண்டிப் போனதிலிருந்து அந்த வீட்டில் ஓய்ந்து போனதெல்லாம் இந்த வீட்டுக்குப் பரிசாக வந்து சேரும். ஒரு தடவை ரொட்டி சுடும் டோஸ்டர் வந்தது. கவிழ்த்தால், யாரோ தின்று முடித்த ரொட்டியின் கருகல் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. அடுத்த தடவை அத்தானின் பழைய சவர மிஷின். அம்மாவும் சின்னவளும் மட்டும் இருக்கிற வீடு, இதில் யார் முகத்தைச் சவரம் செய்வது? “யாருக்காவது குடுடி, வெளிநாட்டுச் சாமான், கண்ணுல ஒத்திக்குவாங்க,” என்றாள் அக்கா. மூடியைத் திறந்தால் அத்தானின் தாடி பொடிப் பொடியாக உள்ளே உட்கார்ந்திருந்தது. சின்னவள் அதைக் காகிதத்தில் சுருட்டி, செத்த பல்லியைக் கொண்டு போவதுபோல் நுனி விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டாள்.

எல்லாம் மின்சாரச் சாமான்தான், ஒன்றும் ஒரு வாரம் தாண்டியதில்லை. அந்த ஊர் கரண்ட்டின் வோல்ட் இந்த ஊர் கரண்ட்டில் பாதிதான். பாதிக்குப் பழகிய சாமானை முழுசில் சொருகினால் பொசுங்காமல் என்ன செய்யும்? தலைமுடி உலர்த்தும் டிரையர் சொருகிய கையோடு செக்கச் சிவந்து, பொரிந்து, புகை கக்கிவிட்டு ஓய்ந்தது. அந்த நாற்றம் ஜன்னல் திரையை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. பிளக்கின் காலை மாற்றுகிற சின்னக் கட்டையைப் போட்டுவிட்டால் கரண்ட்டும் மாறிவிடும் என்பது அக்காவின் விஞ்ஞானம். “பின் பொருந்துதுல்ல, அப்பறம் என்ன?” என்பாள். பொருந்தியும் பொசுங்கினால் தீர்ப்பு தயாராக இருக்கும்: “அவ கை பட்டா எதுதான் உருப்படும்!”

இந்த முறை அத்தான் உஷாராக வந்திருந்தார். வந்த அன்றே கடைவீதிக்குப் போய், கரண்ட்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, ஆள் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார். கறுப்பு இரும்புப் பெட்டி. சொருகியதும் “ம்ம்ம்” என்று முனகியது. கொஞ்ச நேரத்தில் சுட்டது. அதைத் தொடக்கூடாது, மேலே துணி போடக்கூடாது, பக்கத்தில் காற்றோட்டம் வேண்டும் என்று ஆயிரம் உபசாரம் சொன்னார் அத்தான். சின்னவள் மனசுக்குள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நடு அறையில் உட்கார்ந்துகொண்டு, முனகி, சூடாகி, எல்லோரையும் ஒதுங்கி நடக்க வைக்கிறது. வேறு என்ன பேர் வைப்பது?

அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மிஷின் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓடவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னவள் ஒரு மிஷினை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். பார்க்க லட்சணமில்லாத சாம்பல் பெட்டி, ஆனால் சொன்ன வேலையைச் செய்தது. அம்மா எழுந்து குளியலறை வரை போவாள், உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள், எதிர்வீட்டு டீச்சரிடம் ஊர்க்கதை பேசுவாள்.

அத்தான் அந்தப் பெட்டியைக் காலால் தட்டினார். “வாடகைச் சாமான். எவன் எவன் மூக்குல இருந்ததோ! உங்களுக்கு அருவருப்பா இல்ல?”

“குழாய் புதுசு அத்தான். இது யாரோடது?”

“நாங்க குடியிருக்கற வீட்டு ஓனரோட அப்பா. பாவம், தவறிட்டாரு. பிள்ளைங்க சாமானையெல்லாம் வாசல்ல வச்சு வித்தாங்க. சும்மா சொல்லக்கூடாது, அள்ளிட்டு வந்துட்டேன்.”

செத்துப்போன மனுஷன் கடைசியாக இழுத்த மிஷின். சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையைக் கூப்பாத குறையாக மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க இருந்தாலும் என் நெனப்பு இருக்கு பாரு என் பொண்ணுக்கு,” என்றாள். அத்தான் வாடகைக் கடைக்குத் தானே போன் போட்டு, “உங்க டப்பாவ வந்து எடுத்துட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டார்.

புது மிஷினை ஓடவிட்டதும் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம், விட்டு விட்டு, நிற்காமல்.

“என்னமோ சொல்லுது அத்தான்.”

“புது எடம்ல? அந்த ஊரு கரண்ட்டக் கேட்டு அழுவுது. பழகிடும்.” அம்மாவின் மருந்து டப்பாவிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, சத்தம் வருகிற ஓட்டையின் மேல் இரண்டு மடிப்பாக ஒட்டினார். விளக்கின் மேல் இன்னொன்று. “அவ்ளோதான். பாத்தீங்களா அத்தை, எப்படி நைஸா ஓடுது?”

மறுநாள் அவர் விமானம் ஏறினார்.

அதன் பிறகு ஆரம்பித்தது கண்காட்சி. வெளிநாட்டு ஆக்ஸிஜன் வந்திருக்கிறது என்ற செய்தி படிக்கட்டு ஏறி இறங்கி, தெரு முழுக்கப் பரவிவிட்டது. காற்று அங்கிருந்து வரவில்லை, இந்த அறையின் காற்றுதான் உள்ளே போய் வெளியே வருகிறது என்று சின்னவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள்? “இருந்தாலும் அந்த மிஷின் வழியா வரும்போது ஒரு குளுமை இருக்கும்ல,” என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரி. எதிர்வீட்டு டீச்சர் ஒரு படி மேலே போனாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லித் தருகிறவள். அவள் கட்டிலில் உட்கார்ந்து, “ஒரே ஒரு இழுப்பு, எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேனே,” என்றாள். சின்னவள் தேநீர்த் தம்ளரோடு சமையலறையிலிருந்து வருவதற்குள் அம்மா குழாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். டீச்சர் அதைத் தன் மூக்கில் செருகி, கண்ணை மூடி, தலையாட்டி ரசித்து, முனையைச் சேலைத் தலைப்பில் ஒரு துடை துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா அதை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டீச்சர் போனதும் குழாயை மாற்றினாள். “உனக்கு அறிவிருக்காம்மா? வெத்தலப் பெட்டியா அது, வர்றவங்களுக்கெல்லாம் நீட்டறதுக்கு?”

“ஆசப்பட்டாடி. நாமளும் நாலு பேருக்குக் குடுக்கற நெலமைல இருக்கோம்ல,” என்றாள் அம்மா. அதைச் சொல்வதற்குள் நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தினாள்.

நிறுத்துவது கூடிக்கொண்டே போனது. வெங்காயம் உரிப்பது நின்றது. குளியலறைக்குப் போகிறவள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டோரம் ஒரு நீலம் படர்ந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் மீட்டர், தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன மீட்டர், எண்பத்து நாலு என்று காட்டியது. “விரல் ஜில்லுனு இருக்குல்ல, அதான்,” என்றாள் அம்மா. டாக்டரிடம் போகலாம் என்றால், “பழகிடும்னு மாப்பிள்ளை சொன்னாருல்ல,” என்று மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அக்கா வந்தபோது, “மாப்பிள்ளை குடுத்த மிஷின் புண்ணியத்துல ராணி மாதிரி இருக்கேன்,” என்றாள். அக்கா போனைத் திருப்பி அங்கே இருந்த யார் யாரிடமோ அம்மாவைக் காட்டினாள். அவர்கள் கையசைத்தார்கள்.

சின்னவளுக்கு மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு புகார் போன்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் வரவில்லை, சத்தம் வருகிறது, சூடாகிறது, புகை வருகிறது. நாள் முழுக்க இதே பாட்டு. எல்லோரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: மோட்டார் மேலே ஒரு தகடு இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது?

அன்றைக்குப் பேசியவர் கோபமாக இருந்தார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மோட்டாராம். டிரான்ஸ்ஃபார்மர் போட்டாயிற்றாம். நன்றாகத்தான் ஓடுகிறதாம், ஆனால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மாட்டேன் என்கிறதாம். குழாய்தான் இந்தக் கம்பெனியுடையது, அதனால் குற்றம் குழாயில்தான் என்றார்.

“தகடுல வோல்ட்டுக்குப் பக்கத்துல இன்னொரு எண் இருக்கும் பாருங்க சார்.”

“அறுபதுன்னு இருக்கு.”

“அதான் சார் விஷயம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்ட மட்டும்தான் குறைக்கும். அந்த ஊரு கரண்ட் நொடிக்கு அறுபது தடவ துடிக்கும், நம்ம கரண்ட் ஐம்பதுதான். அந்தத் துடிப்பப் பொறுத்துத்தான் மோட்டார் சுத்தும். அங்க சுத்தற வேகத்துல இங்க சுத்தாது. பாக்க ஓடற மாதிரிதான் இருக்கும், சத்தமெல்லாம் வரும், ஆனா தள்ள வேண்டிய அளவுக்குத் தள்ளா...”

நூறு தடவை ஒப்பித்த வாக்கியம் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. ஆக்ஸிஜன் மிஷினுக்குள்ளும் காற்றை அமுக்கித் தள்ள ஒரு மோட்டார்தானே இருக்கிறது? ஊரில் உள்ளவர்களை எல்லாம் தகட்டைப் படி, தகட்டைப் படி என்று விரட்டுகிறவள், தன் அம்மாவின் மூக்கில் மாட்டியிருக்கிற மிஷினைத் திருப்பிப் பார்க்கவில்லை. “ஹலோ, மேடம்? இருக்கீங்களா?” என்றார் அவர். சின்னவள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மேலதிகாரியிடம் அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லிக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மிஷினைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் தகடு இருந்தது. தகட்டின் மேலும் நாய் முடி. விரலால் வழித்தாள். அறுபது. ஐம்பது என்கிற பேச்சே அதில் இல்லை. பிறகு பிளாஸ்திரியைப் பிய்த்தாள். அதன் பசையில் தூசியும் முடியும் ஒட்டிக்கொண்டு நூலிழுத்தது. உள்ளேயிருந்த மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. கீச்சுச் சத்தம் அறையை நிறைத்தது. இத்தனை நாளும் அது ஓயாமல் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆக்ஸிஜன் போதவில்லை, ஆக்ஸிஜன் போதவில்லை என்று கத்தியதன் வாயில் அத்தான் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் அத்தானுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பில் சொன்னாள்.

“யாராவது மெக்கானிக் கை வச்சானா?” என்றார் அத்தான்.

“இல்ல அத்தான். கரண்ட்டோட துடிப்பு வேற. அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணும் பண்ணாது. இது போதுற அளவுக்கு ஆக்ஸிஜன் குடுக்கல. அம்மா உதடு நீலமா இருக்கு.”

“இந்தத் துடிப்பு, கிடிப்பெல்லாம் உன் புகார் போன்ல வச்சுக்க. அந்த ஊருல ஒரு மனுஷனை நாலு வருஷம் காப்பாத்தின மிஷின் அது. நீ ஏதாவது பட்டனைத் திருகிக் கெடுத்திருப்ப. உங்கக்கா அப்பவே சொன்னா.” அவர் வைத்துவிட்டார்.

சின்னவள் போனைக் கட்டிலில் எறிந்தாள். எல்லாவற்றின் மேலும் அருவருப்பு வந்தது. அத்தான் மேல், அக்கா மேல், அந்த முனகும் இரும்புப் பெட்டி மேல். அம்மா மட்டும் பதறினாள்.

“ஏன்டி அவர்கிட்ட சொன்ன? அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தவரு. மனசு நொந்தா உங்கக்காவைத்தானே பேசுவாரு? வாடகை மிஷினை வேணா கொண்டு வந்து வச்சுக்கோ. ஆனா அவங்ககிட்ட இதப் பத்தி மூச்சு விடாதே.”

“நீதான் மூச்சு விட முடியாம கெடக்க. என்னையும் விட வேணாங்கறியா?”

அம்மா சிரிக்கவில்லை. “மாப்பிள்ளைடி,” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் வழக்கு நடத்த முடியாது என்பது சின்னவளுக்குத் தெரியும்.

வாடகை மிஷின் அன்று மாலையே வந்துவிட்டது. மாட்டிக் கொஞ்ச நேரத்தில் அம்மாவின் உதட்டு நீலம் வடிந்தது. சில நாளில் அம்மா மறுபடி வெங்காயம் கேட்டாள். அதோடு விட்டிருந்தால் சரி. விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போட வேண்டியிருந்தது.

வாடகை மிஷினைக் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் தள்ளி, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறைக்க வேண்டும். வெளிநாட்டு மிஷினைக் கேமராவில் விழுகிற மாதிரி முன்னால் இழுத்து வைக்க வேண்டும். பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்ட வேண்டும். இரும்புப் பெட்டி ‘மாப்பிள்ளை’யை முனக விட்டு, மிஷினை ஓட விட வேண்டும். அம்மாவின் மூக்கிலிருந்து போகும் குழாய் தலையணைக்கு அடியில் புகுந்து வாடகை மிஷினுக்குப் போகும். வெளிநாட்டு மிஷினின் குழாய் கட்டிலுக்கு அடியில் கிடந்து, தரையில் இருக்கிற செருப்புக்கு ஆக்ஸிஜன் ஊதிக்கொண்டிருக்கும். “எவ்ளோ தெளிவா இருக்கம்மா நீ!” என்பாள் அக்கா. “எல்லாம் உன் மிஷின்தான்டி,” என்பாள் அம்மா. அத்தான் ஓரத்திலிருந்து, “நான் சொல்லல, பழகிடும்னு?” என்பார்.

ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்திரி ஒட்டுகிறபோது சின்னவளுக்குத் தன் விரல்களையே பார்க்கப் பிடிக்கவில்லை. அத்தான் ஒட்டியது தெரியாமல் ஒட்டியது. இவள் தெரிந்தே ஒட்டுகிறாள். அழைப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தாள்.

“அம்மா, ஒரு விஷயம். அங்க ஊர்ல எங்க மாமியாருக்கும் மூச்சுத் திணறல் வந்துடுச்சு. டாக்டர் மிஷின் வைக்கச் சொல்லிட்டாராம். நான் இவர்கிட்ட சொன்னேன், ஏன் வெளிய தேடணும், நம்ம மிஷின்தான் இருக்கே, அம்மாவையே தேத்திடுச்சேன்னு. ஏய் சின்னவளே, அவங்க கார் அனுப்பியிருக்காங்க, இப்ப வந்துடும். மிஷின், டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டையும் ஏத்தி விடு.”

“அப்போ அம்மாவுக்கு?” என்றாள் சின்னவள்.

“அம்மாதான் தேறிட்டாளே. பழைய வாடகை மிஷினையே திரும்பச் சொல்லிடு. அது போதும்.”

சின்னவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அசிங்கமாக இருந்தது. போகட்டுமே! அந்தச் சம்பந்தியம்மா லேசுப்பட்டவள் இல்லை. அக்கா கல்யாணத்தில் சபை நடுவே அம்மாவைப் பார்த்து, “பொண்ணப் பெத்தவங்க நிமிந்து நிக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், நீங்க நிக்கறீங்களே,” என்று சொன்னவள். அதற்குப் பிறகு அம்மா அவள் பேரைச் சொன்னதே இல்லை, ‘அந்தம்மா’ என்றுதான் சொல்வாள். அந்தம்மாவின் மூக்கில் இந்த நாய் முடி மிஷின். மகனே ஒட்டிய பிளாஸ்திரி. யார் கேட்கப் போகிறார்கள்? சின்னவள் போனைப் பிடித்தபடி ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

கீழே தெருவில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“வந்துட்டாங்க பாரு,” என்றாள் அக்கா.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அந்தம்மாவுக்கு ரொம்ப முட்டுதா?” என்று கேட்டாள்.

“படுக்கவே முடியலயாம்மா. உக்காந்துட்டே இருக்காங்களாம்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் அம்மா. “முங்கின ஆளு மாதிரி இருக்கும்.” பிறகு மூக்கிலிருந்து போகும் குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். “சின்னவளே, போனை இங்க கொண்டா. இந்தக் குழாய் எங்க போகுதுன்னு உங்கக்காவுக்குக் காட்டு.”

“அம்மா...”

“காட்டுடி.”

சின்னவள் காட்டினாள். குழாயோடு கூடவே போனைக் கொண்டு போனாள். தலையணையைத் தூக்கினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், தலைமாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த சாம்பல் பெட்டியைக் காட்டினாள். திரும்பி வந்து, வெளிநாட்டு மிஷினின் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. கீச்சுச் சத்தம் கடல் தாண்டி அந்த வீட்டு அறையிலும் கேட்டிருக்க வேண்டும். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

“இதையே ஓட விட்டிருந்தா நான் செத்துப் போயிருப்பேன்,” என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். “உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் இத்தன நாளு சொல்லல. அந்தம்மாவுக்கு இத மாட்டாதீங்க.”

திரையில் அத்தான் முகம் வந்தது. சின்னவள் சண்டைக்குத் தயாராக நின்றாள். தகடு, துடிப்பு, மோட்டார், எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. எதற்கும் வேலையில்லாமல் போயிற்று. அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மிஷின் என்ன ஆனது என்று கேட்கவில்லை. யார் கெடுத்தது என்று கேட்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

“ஐயோ, அப்போ எங்கம்மாவுக்கு அது வேணாம்!” என்றார். “டிரைவர்கிட்ட சொல்லிடு, ஏத்த வேணாம்னு. அங்கயே நல்ல கடையில புதுசா ஒண்ணு, நம்ம ஊரு கரண்ட்டுக்கே செஞ்சதா, இன்னிக்கே வாங்கச் சொல்றேன்.” அப்புறம் ஒரு நொடி யோசித்து, குரலைத் தணித்து, பெருந்தன்மையாகச் சொன்னார்: “இது அத்தைகிட்டயே இருக்கட்டும்.”

அக்கா எங்கோ பக்கவாட்டில் பார்த்தாள். தன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவளின் அந்தப் பக்கவாட்டுப் பார்வையைச் சின்னவளால் பார்க்கச் சகிக்கவில்லை. நாய் முடி, கிழவரின் பிசுக்கு, டீச்சரின் மூக்கு, எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தாமதமாகத்தான் ஏறும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். அப்படியில்லை.

“மாப்பிள்ளை,” என்றாள் அம்மா. எப்போதும் அந்தச் சொல்லில் இருக்கிற குழைவு இல்லை. “உங்கம்மா விடறது மூச்சு. நான் விடறது என்ன, பெருமூச்சா?”

அத்தான் வாயைத் திறந்தார். “இல்ல அத்தை, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

அம்மா கையை நீட்டி, சின்னவளின் கையிலிருந்த போனை வாங்கி, சிவப்புப் பட்டனை அமுக்கினாள். இத்தனை வருஷத்தில் அழைப்பை அவள் முதலில் துண்டித்தது கிடையாது. அவர்கள் வைக்கிற வரைக்கும் வெறும் திரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருப்பாள்.

“அந்த முனகலை நிறுத்து,” என்றாள்.

சின்னவள் டிரான்ஸ்ஃபார்மரின் பிளக்கைப் பிடுங்கினாள். முனகலும் நின்றது, கீச்சும் ஓய்ந்தது. பின்னால் வாடகை மிஷின் மட்டும் சீராக இழுத்து இழுத்து விட்டது. கீழே டிரைவர் இன்னொரு தரம் ஹாரன் அடித்தார். சின்னவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை, போகலாம் என்றாள்.

போன் மறுபடி அடித்தது. திரையில் அக்காவின் சிரித்த படம். சின்னவள் அம்மாவைப் பார்த்தாள்.

“அடிக்கட்டும்,” என்றாள் அம்மா. தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சு விட்டாள்.